பின்கட்டுப் பணியாளரைப் பழக்குதல்

கல்யாண வீட்டுப் பந்தியில் அமர்ந்திருப்பவர் கண்ணுக்கு இலையும் பரிமாறுவோரும் மட்டுமே தெரிவர். கோட்டை அடுப்பின் முன் நிற்பவர், தண்ணீர் நிரப்புபவர், அப்பளம் பொரிப்பவர் எல்லாரும் பின்கட்டில் இருப்பர். அவர்கள் சற்றுக் கை ஓய்ந்தால் முன்கட்டில் பந்தி குலைந்துபோகும். கணிப்பொறியிலும் இதே நிலைதான். திரையில் நாம் தொட்டு இயக்கும் செயலிகள் முன்கட்டைச் சேர்ந்தவை. நேரத்தைச் சரிபார்ப்பது, வலையமைப்பில் இணைத்துவிடுவது, அச்சுப்பொறிக்கு வந்த வேலைகளை வரிசைப்படுத்துவது, ஒலியைப் பெருக்கிக்கு அனுப்புவது ஆகியவை பின்கட்டு வேலைகள். இவற்றைச் செய்யும் நிரல்களை அமைப்புச் சேவைகள் என்பர். கணிப்பொறியை இயக்கியவுடன் தாமே எழுந்து, யாரும் அழையாமலே பணியாற்றி, நிறுத்தும்வரை ஓயாதிருப்பவை இவை.

இவற்றுக்கு 'டீமன்' என்றொரு பழம்பெயரும் உண்டு. அருட்சகோதரியர் புருவம் உயர்த்த வேண்டா! 1963ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய குழுவினர், மாக்ஸ்வெல் என்னும் இயற்பியல் அறிஞர் தம் கற்பனையில் படைத்த ஒரு குட்டிப் பணியாளை நினைந்து இட்ட பெயர் அது. மூலக்கூறுகளை ஓயாமல் வேகம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருக்கும் அந்தப் பணியாளுக்கும் சாத்தானுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

நமக்கு வேண்டிய ஒரு சேவையை நாமே எழுதுவது எங்ஙனம்? எழுதியதை விரைவாகவும் அச்சமின்றியும் சோதித்துப் பார்ப்பது எங்ஙனம்? இவ்விரண்டையும் இக்கட்டுரையில் காண்போம். நிரல் எழுதும் பயிற்சியைப் பாடநூல்கள் தருகின்றன. எழுதியதைச் சோதிக்கும் முறையைப் பற்றி அவற்றில் சில பக்கங்களே இருக்கும். ஆயினும் பின்னாளில் வேலைக்குச் செல்லும் மாணவி தன் பொழுதில் பெரும்பகுதியைச் செலவிடப்போவது அங்கேதான்.

முதலில், சோதனையில் இத்தனை கவனம் எதற்கு என்று பார்ப்போம். ஒரு செயலி கெட்டால் அதை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். பின்கட்டுச் சேவை கெட்டால் கணிப்பொறியே எழாமற்போகலாம். 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் நிகழ்ந்ததைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் நம் நேரப்படி காலை 9.39 மணிக்குத் தன் சேவைக்கு ஒரு சிறு கோப்பைப் புதுப்பித்து அனுப்பியது. அக்கோப்பு 21 தகவல்களை எதிர்பார்த்தது. ஏற்கெனவே கணிப்பொறிகளில் இருந்த நிரலோ 20 தகவல்களையே கொடுக்கக்கூடியது. இல்லாத இருபத்தோராவதைத் தேடிச் சென்ற நிரல், தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டது. கணிப்பொறிகள் நீலத்திரை காட்டி விழுந்தன. மீண்டும் எழும்பும்போது அதே கோப்பைப் படித்து மறுபடியும் விழுந்தன. 10.57க்கு நிறுவனம் கோப்பைத் திரும்பப் பெற்றது. ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான இந்த இடைவெளிக்குள் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசாப்ட் கணக்கிட்டது. மருத்துவமனைகளும் வங்கிகளும் விமான நிலையங்களும் திணறின. நம் நாட்டிலும் விமானப் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டு கொடுக்க நேர்ந்தது. எழும்பாத கணிப்பொறிக்குத் தொலைவிலிருந்து மருந்து அனுப்ப இயலாதாகையால், பல இடங்களில் ஆட்களே ஒவ்வொரு கணிப்பொறியாகச் சென்று அக்கோப்பை நீக்க வேண்டியதாயிற்று.

அந்நிறுவனத்தில் சோதனை நடக்காமல் இல்லை. ஆனால் சோதனைகளில் இருபத்தோராவது இடத்தில் 'எதுவாயினும் சரி' என்னும் குறியே வைக்கப்பட்டிருந்தது. ஆகவே அந்த இடம் ஒருமுறையேனும் உண்மையாகப் படிக்கப்படவில்லை. சோதித்தோம் என்ற நிறைவு இருந்தது. சோதிக்க வேண்டிய இடம் மட்டும் சோதிக்கப்படாமல் நின்றது.

இனி வேகத்தைப் பற்றிச் சொல்வோம். வேகம் என்றவுடன் விலையுயர்ந்த கணிப்பொறி என்று நினைப்பது இயல்பு. எங்கள் கருத்து வேறு. ஓர் எழுத்தை மாற்றியது முதல் அதன் விளைவைக் கண்ணால் காணும்வரை எத்தனை நேரம் கழிகிறது என்பதுதான் உண்மையான வேகம். அது பத்து நொடியானால் ஒரு பிற்பகலில் நூறு முறை முயன்று பார்க்கலாம். அரை மணியானால் நான்கைந்து முறைதான். அதற்குள் எதற்காக மாற்றினோம் என்பதே மறந்துவிடும்.

உறையூர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தறியைவிட நல்ல கருவி வேண்டுவதில்லை. கிரேக்க மாலுமி ஒருவர் முதல் நூற்றாண்டில் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூலில் அர்கரு என்ற ஊரின் மெல்லிய துணி குறிக்கப்படுகிறது. அவ்வூர் உறையூரே என்பர் ஆய்வாளர். அந்நாள் முதல் தறி ஒலித்த ஊர் இது. ஒரு பாவு தீர்ந்து அடுத்த பாவைத் தறியில் ஏற்றும்போது நெசவாளர் என்ன செய்கிறார்? ஆயிரக்கணக்கான இழைகளையும் மீண்டும் முதலிலிருந்து விழுதிலும் அச்சிலும் கோப்பதில்லை. பழைய பாவின் முனையை அவற்றிலேயே விட்டுவைத்து, புதுப்பாவின் இழைகளை அதனோடு ஒன்றொன்றாகச் சேர்த்து முறுக்கி, அப்படியே முன்னுக்கு இழுத்துக்கொள்கிறார். மாறாததை மீண்டும் செய்வதில்லை. புதிய கரையோ புதிய நிறமோ என்றால், ஒரு சாண் நெய்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிறகே மேலே செல்கிறார். முழுச் சேலையும் நெய்து முடித்த பின் கரை பிசகியிருப்பதைக் கண்டுபிடிக்கும் நெசவாளர் அதிக நாள் தொழிலில் நிற்க மாட்டார்.

பயிற்சிக்குக் கருவி எங்கே என்று கேட்கலாம். தமிழக அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின் கீழ், அரசு பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்றவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அக்காளோ அண்ணனோ வாங்கிய அந்தக் கணினி இன்றும் பல வீடுகளில் பரண்மேல் இருக்கிறது. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளமும் சேர்த்தே வந்தது. பாஸ், சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் முதன்முதலாக வெளியிட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பணிபுரிய ஏற்றது. பள்ளிகளுக்கென்றே எடுபாஸ் என்னும் பதிப்பும் உண்டு. இதன் அடித்தளம் டெபியன் என்னும் லினக்ஸ். 2015 ஏப்ரலில் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து டெபியனில் பின்கட்டுப் பணியாளர் அனைவரையும் மேய்க்கும் தலைமைச் சமையற்காரர் சிஸ்டம்டி என்னும் நிரலாகும். கணிப்பொறியில் முதலில் எழுவதும் இறுதியில் உறங்குவதும் அதுவே. மடிக்கணினியில் உள்ளது அதற்கு முந்திய பதிப்பானால், புதிய பதிப்பை விலையின்றியே நிறுவிக்கொள்ளலாம்.

ஒரு சேவையை எடுத்துக்கொள்வோம். ஒரு பள்ளியில் பாடவேளை மணியடிக்கும் பொறுப்பைக் கணிப்பொறியிடம் ஒப்படைப்பதாகக் கொள்வோம். காலை வணக்கம் முதல் மாலைவரை உரிய நேரத்தில் ஒலிபெருக்கியில் மணியோசை எழ வேண்டும். விடுமுறையில் எழக்கூடாது. தேர்வு நாட்களில் நேரம் வேறு. 'இதற்கு ஒரு சேவையா? குறித்த நேரத்தில் ஒரு நிரலைக் கூப்பிட சிஸ்டம்டியிலேயே வசதி உண்டே' என்று விவரமறிந்த மாணவி கேட்பாள். கேட்பது நியாயமே. எழுதாமலே காரியம் நடக்குமானால் எழுதாமலிருப்பது மேல். ஆனால் தேர்வு அட்டவணையும், திடீர் விடுமுறையும், தலைமையாசிரியை நடுவில் மணியை நிறுத்தி வைக்கும் வசதியும் வேண்டுமென்றால் தனிச் சேவைதான் தேவை.

பலரும் முதலில் செய்வது, நிரல் முழுவதையும் எழுதி முடித்துவிட்டு இறுதியில் அதைச் சேவையாக நிறுவுவது. அன்றுதான் தொல்லை தொடங்கும். முனையத்தில் கணீரென்று ஒலித்த மணி, சேவையாக்கியவுடன் ஊமையாகிவிடும். காரணம் இது: முனையத்தில் இயக்கும்போது நிரல் நம் பெயரில், நம் ஒலிவசதியோடு ஓடுகிறது. பின்கட்டில் ஓடும்போது அதற்கு வேறு பெயர்; நம் ஒலிவசதியை அணுக அதற்கு உரிமை இல்லை. இதுபோல் இன்னும் சில உண்டு. அட்டவணைக் கோப்பு பக்கத்திலேயே இருக்கிறது என்று நம்பி வெறும் பெயரை மட்டும் எழுதியிருப்போம். சேவையோ வேறொரு கோப்புறையில் நின்றுகொண்டு தேடும், கிடைக்காது. பைத்தான் மொழியில் எழுதினால், முனையத்தில் வரிவரியாக வரும் செய்திகள், சேவையாக ஓடும்போது உள்ளேயே தேங்கிக் கிடந்து நெடுநேரம் கழித்து மொத்தமாக வரும். தேக்காதே என்று தொடக்கத்திலேயே பைத்தானுக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் சேவை செத்துவிட்டதோ என்று ஐயுற்று, இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்போம்.

எனவே முதல் நாளே வெற்றுச் சேவை ஒன்றை எழுதி நிறுவிவிடுவதே நல்லது. அது மணியடிக்க வேண்டா. 'இருக்கிறேன்' என்று நிமிடத்துக்கொரு முறை குறிப்பேட்டில் எழுதினால் போதும். தொடக்கத்தில் ஒரேயொரு முறை 'டிங்' என்று ஒலி எழுப்பிப் பார்க்கட்டும். நிறுவுதல், எழுதல், குறிப்பு எழுதல், ஒலி, நிறுத்தம் ஆகிய வழி முழுதும் ஒரு நூல் ஓடிவிட்டதா என்று தெரிந்துகொண்டபின், உள்ளே சதை பிடிக்கச் செய்யலாம்.

சேவையை நிறுவுவதற்கு ஒரு விவரக்கோப்பு வேண்டும். மூன்றே பகுதிகள்: இது யார், எவற்றுக்குப் பின் எழ வேண்டும் என்பது முதற்பகுதி, எந்த நிரலை, யார் பெயரில், விழுந்தால் எப்படி மீண்டும் எழுப்புவது என்பது இரண்டாவது, கணிப்பொறி எழும்பும்போது எந்தக் கட்டத்தில் இதைச் சேர்ப்பது என்பது மூன்றாவது. கோப்பைத் திருத்தினால் மட்டும் போதாது. மீண்டும் படித்துக்கொள் என்று சிஸ்டம்டிக்குக் கட்டளையிட்டாக வேண்டும். அவ்வாறு செய்யாதவரை அது பழைய விவரத்தையே வைத்துக்கொண்டு ஓட்டும்.

'விழுந்தால் எழுப்பு' என்பதைச் சற்று நின்று பார்ப்போம். எண் எதுவும் கொடாமல் விட்டால், சிஸ்டம்டி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே காத்திருந்து மீண்டும் எழுப்பும். பத்து நொடிக்குள் ஐந்து முறைக்கு மேல் எழுப்ப வேண்டி வந்தால் கைவிட்டுவிடும். காலையில் ஒலிக்கருவி தயாராகச் சில நொடிகள் தாமதித்தால் என்ன ஆகும்? நம் மணிச்சேவை ஐந்து முறையும் கண்மூடித் திறப்பதற்குள் விழுந்து, அன்று முழுதும் எழாது. காத்திருக்கும் நேரத்தை ஐந்து நொடி என்று ஒரு வரியில் எழுதிவிட்டால் இத்தொல்லை இல்லை. ஒரு வரியின் அருமை, எட்டாம் வகுப்பு மதிய உணவுக்குப் போக மணியின்றிக் காத்திருக்கும்போதுதான் தெரியும்.

இப்போது நிரலின் உள்ளே வருவோம். இங்கேதான் நேரம் மிச்சமாகும். மணிச்சேவையில் இரு வேலைகள் பின்னிக் கிடக்கின்றன. இப்போது அடிக்க வேண்டுமா என்று முடிவு செய்வது ஒன்று. அடிப்பது மற்றொன்று. முடிவு செய்யும் பகுதி தானே கடிகாரத்தைப் பார்க்குமாறு எழுதினால், 10.10 மணிக்கு அடிக்கிறதா என்று சோதிக்க 10.10 வரை காத்திருக்க வேண்டும்! மாறாக, நாளையும் நேரத்தையும் நாமே அதன் கையில் கொடுத்து, 'இந்த நேரமானால் என்ன செய்வாய்?' என்று கேட்குமாறு எழுதினால், ஓராண்டின் 365 நாட்களையும் சில நொடிகளில் நடத்திப் பார்த்துவிடலாம். பொங்கல் விடுமுறையில் மௌனமா? அரையாண்டுத் தேர்வில் வேறு அட்டவணையா? 2028 பிப்ரவரி 29 செவ்வாய்க்கிழமை என்று அதற்குத் தெரிகிறதா? சரியாக 10.10க்கு ஒருமுறைதானே அடிக்கிறது, 10.10.00க்கும் 10.10.01க்கும் இருமுறை அடிப்பதில்லையே? இவ்வளவையும் காலையில் தேநீர் ஆறுவதற்குள் கேட்டுவிடலாம்.

அடிக்கும் பகுதிக்கு ஒரு ஒத்திகையாள் வேண்டும். ஆண்டு விழா நாடகத்துக்கு முதல் வாரமே வேடம் கட்டிக்கொள்வதில்லை அல்லவா? வசனம் பழகும்போது அரசியின் கிரீடத்துக்குப் பதில் ஒரு துண்டு போதும். அதுபோல் சோதனையின்போது உண்மை ஒலிக்குப் பதில், 'அடித்தேன், 10.10' என்று எழுதிவைக்கும் சிறு நிரலை மாட்டிவிடுகிறோம். பக்கத்து வகுப்பும் தொல்லையின்றிப் படிக்கும்.

கடிகாரத்தைப் பற்றி மேலும் ஒன்று. பழைய கணிப்பொறிகளில் உள்ளேயிருக்கும் காசு வடிவ மின்கலம் தீர்ந்திருந்தால், மின்சாரம் போய் வந்தவுடன் அது ஏதோ ஒரு பழைய தேதியோடு எழும். வலையமைப்பு வழியே சரியான நேரம் கிடைத்ததும் திடீரென்று முன்னுக்குத் தாவும். 'இன்னும் நாற்பது நிமிடம் உறங்கி எழுந்து அடி' என்று எழுதப்பட்ட சேவை, இந்தத் தாவலை அறியாமல் தவறான வேளையில் அடிக்கும். ஆகவே நீண்ட உறக்கம் கூடாது. சில நொடிக்கொரு முறை விழித்து நேரம் பார்க்க வேண்டும். நேரம் ஒத்திசைந்த பின்னரே எழுக என்று விவரக்கோப்பில் எழுதுவதோடு, ஒத்திசைவுக்காகக் காத்திருக்கும் துணைச்சேவையையும் இயக்கி வைக்க வேண்டும். பின்னதைச் செய்யாவிடில் முன்னது வெறும் எழுத்தாகவே நிற்கும். மின்வெட்டு நம் ஊருக்குப் புதிதன்று. எனவே இச்சோதனையை விட்டுவிட முடியாது. முடிவு செய்யும் பகுதிக்கு முதலில் பழைய தேதியையும் அடுத்த கணம் இன்றைய தேதியையும் கொடுத்துப் பார்த்தால், மின்கலத்தைக் கழற்றாமலே விடை கிடைத்துவிடும்.

இத்தனையும் முடிந்தபின் சேவையை முழுதாக எங்கே ஓட்டிப் பார்ப்பது? முதற்கட்டமாக நம் சொந்தக் கணக்கிலேயே பயனர் சேவையாக இயக்கலாம். சிஸ்டம்டி அதற்கு இடந்தருகிறது. நிர்வாகியின் கடவுச்சொல் தேவையில்லை. கெட்டாலும் நம் கணக்கோடு போகும். அடுத்து, கணிப்பொறிக்குள் ஒரு கணிப்பொறியை உண்டாக்கி அதனுள் ஓட்டலாம். நினைவகம் மிகுதியாக உள்ள கணிப்பொறியானால் முழு மெய்நிகர் கணிப்பொறி அமைத்து, நல்ல நிலையில் இருக்கும்போது அதைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு, கெடுந்தோறும் அந்நிலைக்கே திரும்பலாம். பரண்மேலிருந்து இறக்கிய மடிக்கணினிக்கு அது பளு. அதற்கு சிஸ்டம்டி-என்ஸ்பான் என்னும் எளிய வழி உண்டு. ஒரு கோப்புறைக்குள் சிறிய டெபியனை நிறுவி, அதையே தனிக்கணிப்பொறி போல் எழுப்பலாம். வேண்டுமட்டும் கெடுக்கலாம்; கோப்புறையை நீக்கிவிட்டுப் புதிதாக வைக்கலாம்.

கெடுப்பது என்று வேண்டுமென்றேதான் சொல்கிறோம். ஓடுகிற சேவையைக் கொன்று பார்க்க வேண்டும். அட்டவணைக் கோப்பை மறைத்துப் பார்க்க வேண்டும். அதில் ஒரு வரியைப் பாதியில் அறுத்துப் பார்க்க வேண்டும். வட்டு நிரம்பினால் என்ன ஆகிறது என்று நிரப்பிப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றின் பின்னும் ஜர்னல்சிடிஎல் என்னும் கட்டளையால் குறிப்பேட்டைப் படிக்க வேண்டும். விழுந்ததற்கான காரணம் அதில் ஒரு வரியில் தெளிவாக இல்லையென்றால், பிழை இல்லாவிட்டாலும் அந்தச் சேவை இன்னும் ஆயத்தமாகவில்லை. நள்ளிரவில் அதைப் படிக்கப்போகிறவர் எழுதியவராக இருக்க மாட்டார்.

உய்யக்கொண்டான் வாய்க்காலில் மதகு பழுதுபார்ப்போர் நீர் ஓடும் காலத்தில் அதைக் கழற்றுவதில்லை. ஜனவரி 28இல் மேட்டூர் அணை மூடப்படுவது வழக்கம். அதன் பின்னரே மராமத்து. கணிப்பொறிச் சேவைக்கோ அப்படி ஓர் ஓய்வுக்காலம் கிடையாது. ஆதலால்தான் அச்சு அசலாக இன்னொரு வறண்ட வாய்க்காலை நாமே வெட்டி வைத்துக்கொள்கிறோம்.

கைப்பேசியின் கதை இதனினும் பெரிது. ஆண்டிராய்டு கைப்பேசியில் அழைப்பு, திரை, மின்கலம், அறிவிப்பு என எண்ணற்ற சேவைகள் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை 'சிஸ்டம் சர்வர்' என்னும் ஒரே கூரையின்கீழ் ஒரே நிரலாக ஓடுகின்றன. அதில் ஒரு சேவை கவனியாத பிழையால் விழுந்தால், கூரையே சரிந்து கைப்பேசியின் திரை அணைந்து மீண்டும் எழும்பும். ஒரு சேவை விழாமல், பூட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றால்? அதற்கும் ஒரு காவற்காரர் உண்டு. ஏறத்தாழ ஒரு நிமிடம் பார்ப்பார். அசைவில்லையென்றால் கூரையை அவரே சரித்து மீண்டும் எழுப்புவார்.

இவ்வியங்குதளத்தின் மூலநிரல் யாவருக்கும் திறந்தது. 2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த ஜாண்ட்கே ஆபரேஷன்ஸ் என்னும் நிறுவனம் பாரோஸ் என்ற கைப்பேசி இயங்குதளத்தை அறிமுகப்படுத்தியது. அந்த மாதம் 24ஆம் நாள் மத்திய அமைச்சர்கள் இருவர் அதை இயக்கிப் பார்த்தனர். அதன் அடித்தளமும் திறந்த ஆண்டிராய்டே. முன்கூட்டியே திணிக்கப்பட்ட செயலிகள் இல்லாமை அதன் சிறப்பாகக் கூறப்பட்டது. இத்தகைய வேலையில் இறங்குவோர் சேவைகளைத் திருத்தாமலும் புதிதாகச் சேர்க்காமலும் இருக்க முடியாது.

ஆனால் அளவைப் பாருங்கள். ஆண்டிராய்டு மூலநிரலை இறக்கிக் கட்டுவதற்கு 400 ஜிகாபைட் இடமும் 64 ஜிகாபைட் நினைவகமும் வேண்டும் என்கிறது கூகுள். 72 கருக்கள் கொண்ட கணிப்பொறியில் முழுதாகக் கட்ட ஏறத்தாழ 40 நிமிடம்; 6 கருக்கள் கொண்டதில் ஏறத்தாழ 6 மணி நேரம். ஒரு வரியைத் திருத்துந்தோறும் ஆறு மணி நேரம் காத்திருந்தால் பத்து திருத்தத்துக்கு இரண்டரை நாள் போய்விடும். எனவே இங்கும் நெசவாளர் வழியே. முதல் முறை மட்டும் முழுதாகக் கட்டுவர். பிறகு சேவைகள் அடங்கிய ஒரு பொட்டலத்தை மட்டும் மீண்டும் கட்டுவர். சில நிமிட வேலை. சோதனைக்கென்றே கட்டிய பதிப்பு ஓடும் கைப்பேசிக்கு அந்தப் பொட்டலத்தை மட்டும் கம்பிவழி அனுப்பி, கைப்பேசியை முழுதும் அணைக்காமல், ஆண்டிராய்டின் மேல்தளத்தை மட்டும் நிறுத்தித் தொடங்குவர். கைப்பேசியே இல்லாமல் கட்டில்ஃபிஷ் என்னும் மெய்நிகர்க் கருவியிலும் இதைச் செய்யலாம்.

குறுக்குவழிக்கு ஓர் எல்லை உண்டு. சேவைக்கும் அதை அழைக்கும் செயலிகளுக்கும் இடையே ஓர் ஒப்பந்தக் கோப்பு இருக்கிறது. எதைக் கேட்கலாம், என்ன விடை வரும் என்பது அதில் எழுதப்படும். உள்வேலையை மாற்றும்வரை ஒரு பொட்டலம் போதும். ஒப்பந்தத்தையே மாற்றினால் இருபுறமும் சேர்த்துக் கட்டியாக வேண்டும். கிரவுட்ஸ்டிரைக்கின் 21க்கும் 20க்கும் நேர்ந்தது இந்தப் பொருத்தமின்மைதான். ஆகையால் ஒப்பந்தத்தை முதலிலேயே நன்கு சிந்தித்து எழுதிவிடுவது, பின்னால் எத்தனையோ ஆறு மணி நேரங்களை மிச்சப்படுத்தும்.

புதியவர்கள் தடுக்கி விழும் படி ஒன்றையும் சொல்லிவைப்போம். சேவையை எழுதி, ஒப்பந்தம் எழுதி, பட்டியலில் சேர்த்து, எல்லாம் சரியென்று இயக்கினால், கைப்பேசி எழும்பாமல் தொடக்கப் படத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். எஸ்.இ.லினக்ஸ் என்னும் காவலின் ஏட்டில் புதிய சேவையின் பெயரும் அதற்குரிய அடையாளமும் பதியப்படாததே பெரும்பாலும் காரணம். காவல் மறுக்கும், மறுப்பைத் தாங்காமல் கூரை சரியும், மீண்டும் எழும்பும், மீண்டும் மறுக்கும். பதிவேட்டில் 'மறுக்கப்பட்டது' என்ற சொல்லைத் தேடினால் சேவையின் பெயரோடு கிடைத்துவிடும்.

இன்னொன்று எங்களுக்கு மிகவும் பிடித்த வழக்கம். புதிய சேவையைச் சோதிக்க அழகான செயலி ஒன்றை எழுதிக்கொண்டிருக்க வேண்டா. சேவைக்குள்ளேயே, முனையத்திலிருந்து வரும் கட்டளைகளைக் கேட்கும் ஒரு சிறு ஜன்னலை வைத்துவிட வேண்டும். 'உன் நிலை என்ன, இதைச் செய், அதை நிறுத்து' என்று ஒரு வரியில் கேட்டு ஒரு வரியில் விடை பெறலாம். தன் நிலையைக் கொட்டிக் காட்டும் வசதி ஆண்டிராய்டின் சேவைகள் பலவற்றில் முன்பே உள்ளது. நம் மணிச்சேவைக்கும் இப்படி ஒன்று இருந்தால், 'அடுத்த மணி எப்போது?' என்று எந்த ஆசிரியையும் கேட்டுக்கொள்ளலாம்.

சோதனையெல்லாம் தேறியபின் வெளியே விடுவதிலும் முறை உண்டு. ஆய்வகத்தில் முப்பது கணிப்பொறிகள் இருந்தால் முப்பதிலும் ஒரே நாளில் நிறுவக்கூடாது. ஒன்றில் நிறுவி ஒரு வாரம் பார்க்க வேண்டும், பின்பு ஐந்தில், பின்பே மற்றவற்றில். 2024 ஜூலைக்குப் பிறகு கிரவுட்ஸ்டிரைக் நிறுவனமும் இவ்வாறு படிப்படியாக அனுப்பும் முறையைத் தன் கோப்புகளுக்குக் கொண்டுவந்தது. திரும்பிப் போகும் வழியையும் முன்னரே நடந்து பார்த்திருக்க வேண்டும். சேவையை நிறுத்து, இனி எழாதவாறு முடக்கு, விவரக்கோப்பை அகற்று, மீண்டும் படிக்கச் சொல்: இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, கணிப்பொறியின் பக்கவாட்டில் ஒட்டி வைக்கலாம்.

கோடை விடுமுறையில் தொடங்க எண்ணும் மாணவியர் பரணிலுள்ள மடிக்கணினியை இறக்கித் தூசு தட்டி, பாஸ் இயங்குதளத்தில் முனையத்தைத் திறந்து, சிஸ்டம்சிடிஎல் என்று மட்டும் தட்டுங்கள். பின்கட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் வரும். அதன்பின் இரு சிறு கோடுகளையும் ஃபெயில்ட் என்ற சொல்லையும் சேர்த்து மீண்டும் ஒருமுறை தட்டினால், எழ முயன்று விழுந்து கிடப்பவர்களின் பெயர்கள் மட்டும் வரும். பல ஆண்டுகள் சும்மா கிடந்த கணினியில் அங்கே ஒரு பெயராவது இருக்கக்கூடும். அது ஏன் விழுந்தது என்று ஜர்னல்சிடிஎல்லிடம் கேளுங்கள்.